செம்மறியாட்டு வேடம்

பாய்லர் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிற வேலை அவனுக்கு. அரை நாள் லீவு கேட்டபோது மேஸ்திரி, "உன் பொண்ணு மந்திரியாவா ஆகப்போறா? ஆடாத்தானே?" என்று நக்கலடித்துவிட்டுத்தான் அனுப்பினான்.

பள்ளிக்கூட ஹாலில் மாறுவேடப் போட்டி தொடங்கியிருந்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்ட ரோபோ ஒன்று வந்து போனது. காகித இலை ஒட்டிய மரம் ஒன்று பாதி வழியில் இலைகளை உதிர்த்துவிட்டு அழுதது. மனைவி அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"கடைக்கே போகலை. எல்லாம் பெரியவ கைவேலை. நேத்து முழுக்க உக்காந்து தைச்சா."

அடுத்து சின்னவள். ஆறு வயது. செருப்பு டப்பா அட்டையில் காது. பனியன் மேல் கழுத்திலிருந்து இடுப்பு வரை கொத்துக் கொத்தாகப் பஞ்சு. கைதட்டல் கூரையைப் பிளந்தது. விளக்கு வெளிச்சத்தில் பஞ்சு மினுங்கியது.

சாதாரணப் பஞ்சு மினுங்காது.

மனைவி பக்கம் திரும்பினான். "அந்தப் பஞ்சை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பரண்ல போட்டீங்களே, அந்த மூட்டைதான். வெள்ளையா மெத்துமெத்துனு சும்மாத்தானே கெடந்துச்சு? போட்டதும் அரிக்குதுன்னா. அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோன்னேன்."

அடுப்புக்குப் பின்னால் சுவரில் வைக்கலாமென்று மிச்சத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டவன் அவன்தான். அவ்வளவும் கண்ணாடி இழை என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் தோல் மரத்து, அரிப்பையே மறந்திருந்தான்.

மேடையில் சின்னவள் "ம்மே" என்று கத்திக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். அதே கையால் கண்ணைக் கசக்கினாள்.

"கசக்காதடி!"

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். "பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு" என்று எவனோ சொன்னான். குழந்தையை அள்ளிக்கொண்டு வாசல் குழாயடிக்கு ஓடினான். தலைவழியே கழற்றாமல் பனியனை முதுகுப்பக்கம் கிழித்து எறிந்தான். கண்ணில் தண்ணீரை விட்டான்.

"தேய்க்காதே. சிமிட்டு. இன்னும் சிமிட்டு."

அவள் அலறினாள். அவன் பிடியை விடவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தேம்பல் அடங்கியது.

"இப்போ குத்தலைப்பா. பரிசு போச்சா?"

அப்போதுதான் அவனுக்கு மூச்சு திரும்பியது. இருந்தாலும் டாக்டர் பார்த்துவிடட்டும் என்று, பின்னாலேயே ஓடிவந்த மனைவியை ஆட்டோ பிடிக்க விரட்டினான்.

அம்மாவோடு வந்திருந்த பதினான்கு வயதுப் பெரியவள் துண்டை நீட்டினாள். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் ஏதோ சிவப்பாகத் தெரிய, கையைப் பிடித்துச் சட்டையை மேலேற்றினான். முழங்கை வரை தோல் தடித்துக் கிடந்தது. நகக் கீறல்களில் ரத்தம் உறைந்திருந்தது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"நேத்து காலையிலேர்ந்து."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க தினமும் இதைத்தானே தொடறீங்க? ஒரு நாள்கூட அரிக்குதுன்னு சொன்னதில்லையே. வேலைன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

செவிட்டில் அறை விழுந்தது போலிருந்தது. அவளைக் குழாயடியில் உட்காரவைத்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டான்.