கிரேனிலிருந்து இறங்கியவள்

பால்காஷ் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் செம்பு உருக்காலையில் என் மனைவி ரௌஷான் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினாள். உலைக்கு மேலே, கூரையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடியே செய்யும் வேலை. அந்தச் சூட்டில் உழைத்தவள் என்பதால் ஐம்பது வயதிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எட்டுக் கிலோ ஏறினாள். காலையில் பால் தேநீர், பத்து மணிக்கு விருந்தாளிகள், அவர்களோடு இன்னொரு தேநீர், எண்ணெயில் பொரித்த பௌர்சாக் ரொட்டி, வெண்ணெய். "இவ்வளவு காலம் உழைச்சே, உக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். மார்ச்சில் ஒருநாள் மாடி ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ரத்த அழுத்தம் நூற்று எண்பது.

மருத்துவர் மாத்திரை எழுதினார். "நல்லா ஓய்வெடுங்க."

"ஓய்வெடுத்துத்தான் டாக்டர் இங்க வந்து நிக்கிறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். "அப்போ நடங்க. அழுத்தம் குறைஞ்சதும் நீந்துங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

ஏரிக்கரையிலேயே பிறந்தவள்தான், ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஒரு மாதம் நடந்தாள், அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. பிறகு நகர நீச்சல் குளத்தில், ஏழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் சேர்ந்தாள்.

அந்த வாரமே என் அக்கா குல்யாஷ் வந்தாள். சாப்பாட்டு மேசையில் ரௌஷான் எதிரே இருக்க, என்னிடம்தான் பேசினாள்.

"ஏன்டா டோலெகென், உன் பொண்டாட்டி நீச்சல் உடுப்புல நிக்கிறாளாமே. ஊரே சிரிக்குது. பேரனை மடியில வச்சுக்கிட்டு இருக்கவேண்டிய வயசு."

நான் தேநீர்க் கிண்ணத்தை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

"இருபத்தாறு வருஷம் மேல உக்காந்தாச்சு அக்கா," என்றாள் ரௌஷான். "இப்போ கீழ வந்தும் உக்காரணுமா? பேரனையும் வச்சுக்குவேன். குளத்துக்கும் போவேன்."

"இடுப்பு ஒடிஞ்சு படுத்தா யாரு பாக்குறது?"

"நீங்க பாக்க வேண்டாம்."

அக்கா இறைச்சியைத் தொடாமல் எழுந்து போனாள். எங்கள் ஜனங்களிடையே அது சின்ன விஷயம் இல்லை.

ஜூன் கடைசியில் ரௌஷான் ஏரியில் இறங்கினாள். கரையிலிருந்து இருநூறு மீட்டரில் சிவப்பு மிதவை ஒன்று உண்டு. அதைத் தொடப் போனவளுக்குப் பாதி தூரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மீன்பிடிக்க வந்தவர்கள் படகில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சாயங்காலத்துக்குள் அக்காவின் தொலைபேசி.

"மீனோட சேத்து உன் பொண்டாட்டியையும் அள்ளினாங்களாமே."

"போதும் ரௌஷான்," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். ஆனா மூச்சு நல்லா வருது, தூக்கம் வருது. யாரோ சிரிக்கக்கூடாதுன்னு அதை விட்டுடவா?"

மறுநாள் காலை குளத்துக்குப் போய், கால் இழுத்தால் மல்லாந்து படுத்து விரல்களை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுப் பழகினாள். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மிதப்பானும் வாங்கினாள். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போய்க் கரையில் உட்கார ஆரம்பித்தேன். அவள் தலை எனக்குத் தெரியாத நிமிஷங்களில் எழுந்து நின்றுவிடுவேன்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். குளிரில் பல் கிட்டியதில் பேச்சு வரவில்லை. கையை மட்டும் என் தோளில் போட்டாள். அந்தக் கை கனமாக, சில்லென்று இருந்தது. அந்த மாதம் ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தைந்து. மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

அக்கா இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு கல்யாண விருந்தில் எதிரே உட்கார்ந்தவள் என்னிடம் சொன்னாள்: "நோயாளி மாதிரி மெலிஞ்சுட்டா."

"ஆறு கிலோ அக்கா," என்று ரௌஷானே பதில் சொன்னாள். "இன்னும் ரெண்டு பாக்கி."

நவம்பரில் ஏரி உறைந்தது. அவள் குளத்துக்குத் திரும்பினாள். இம்முறை பெரியவர்களின் வகுப்பில்.