ஒட்டிய பக்கங்கள்

அச்சகத்தில் புத்தகம் கட்டும் பைண்டருக்கு இரண்டு கட்டைவிரலும் விண்விண்ணென்று தெறித்தன. காலையிலிருந்து நர்ஸ் பயிற்சிப் புத்தகத்தில் பிரசவப் பாடத்தை மட்டும் பக்கத்தோடு பக்கம் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். படங்கள் ஆபாசமாம். ஒட்டினால்தான் சரக்கு அச்சகத்தை விட்டு வெளியே போகலாம் என்று தணிக்கை அதிகாரி சொல்லிவிட்டார்.

"பிள்ளை எப்படிப் பொறக்குதுன்னு நர்சுக்குத் தெரிஞ்சா நாடு கெட்டுடுமாம்ணே," என்றான் மெஷின்காரன். "சொல்ற ஆளுக்கு ஆறு பிள்ளைங்க!"

"வாயை மூடுடா," என்றார் பைண்டர். "அப்புறம் அதையும் ஒட்டச் சொல்லுவாங்க."

ஆர்டர் கொடுத்திருந்த வெளிநாட்டுக் கல்லூரி, பிரசவப் பாடத்தைப் பிரிக்கவே முடியவில்லை என்று சில வாரங்களில் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆர்டரைப் பக்கத்து நாட்டு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டது. முதலாளி மெஷினைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு அச்சகத்தைப் பூட்டினார். அதே தெருவில் மை விற்றவன், அட்டை விற்றவன் கடைகளும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

"ஊர்ல வேற அச்சகமே இல்லையாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கு. அங்கேயும் இதே தணிக்கை ஆளுதாண்டி வந்து ஒட்டச் சொல்றான். யாரு ஆர்டர் குடுப்பா?"

இத்தனை நாள் கழித்தும் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபோது கட்டைவிரல் வலித்தது. அந்தப் பக்கங்களை ஒட்டியதற்கான கூலியை முதலாளி இன்னும் தரவில்லை.