நாலு சென்டிமீட்டர் இடம்

பட்டறையில் வெல்டருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். ஜன்னல் கம்பி அடிக்கச் சொன்னால் மூன்று தடவை அளப்பான். வெட்டின பிறகு நாலாவது தடவையும் அளப்பான். கூட வேலை செய்கிறவர்கள் கேலிக்கு வைத்த பெயரை அவன் பட்டம் போலச் சுமந்துகொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டேப்பை வைக்காமல் இருந்தால் போதும் என்பாள் அவன் மனைவி.

அவனுடைய அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வீட்டுக்குள் அவளுக்கு யார் தயவும் வேண்டாம். காலால் மிதிக்கிற தையல் மெஷினை முழங்கையால் அழுத்துகிற மாதிரி தம்பியே மாற்றிக் கொடுத்திருந்தான். வெளியே போவதென்றால் மட்டும் அவன் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவன் மனைவி. இரண்டு பேரும் முகம் கோணாமல்தான் தள்ளுவார்கள். ஆனால் தள்ளுகிறவர்களுக்குப் பட்டறை ஞாபகம் வரும், அடுப்பு ஞாபகம் வரும். ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் முதுகுக்குப் பின்னாலிருந்து "போலாமா?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் இல்லாமல் அரைமணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சொன்னால் இரண்டு பேர் மனசும் நோகும் என்று சொன்னதில்லை.

தெருமுனைப் பூங்காவைச் சீர்செய்ய ஆரம்பித்தபோது அந்த ஆசை கொஞ்சம் துளிர்விட்டது. நடைபாதையைச் சமமாக்கினார்கள். குளத்தைச் சுற்றிச் சிமெண்டுப் பாதை போட்டார்கள். வாசல் பலகையில் சக்கர நாற்காலிப் படம் கூட வரைந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று வாசலில் இரண்டு இரும்புக் கம்பம் நட வேண்டியிருந்தது. அந்த வேலை நம் மில்லிமீட்டருக்கு வந்தது.

எழுபது சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடாதே என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவன் அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, அக்கா கட்டிலில் படுத்திருந்த நேரத்தில் நாற்காலியை அளந்தான். சக்கரத்துக்குச் சக்கரம் அறுபத்துநாலு. அறுபத்தெட்டு விட்டுக் கம்பத்தை நட்டான். வெறும் நாற்காலியை உருட்டிப் பார்த்தான். மறுநாள் அக்காவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டும் போனான். ஊசியில் நூல் கோத்த மாதிரி போயிற்று.

"ஒரு பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு. பார்த்தியாக்கா?" என்றான்.

அவளும் பார்த்தாள். நாளைக்கு நானே வந்துக்கறேன் என்று மட்டும் சொன்னாள்.

காலை ஆறரைக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். நடைபாதையில் ஒரு தடங்கலும் இல்லை. வாசலுக்கு வந்து, சக்கரத்தோடு ஒட்டின வளையத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். இரண்டு கையின் விரல் முட்டியும் ஒரே நேரத்தில் இரும்பில் உரசியது. கொஞ்சம் பின்னால் உருட்டி வந்து, வேகமாகத் தள்ளிவிட்டு, கம்பம் வருமுன் கையை மடக்கிக்கொண்டாள். நாற்காலி கோணிக்கொண்டு இரண்டு கம்பத்துக்கும் நடுவில் சிக்கி நின்றது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பின்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காவலாளி ஓடி வந்தார். நல்ல மனுஷர்.

"கையை மடியில வெச்சுக்கங்கம்மா. நான் தள்ளிடறேன்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போதும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் வெளியே போகவில்லை. தம்பி கேட்டதற்குத் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள். கண்டுபிடித்தவள் தம்பி மனைவிதான். தைத்து முடித்த வெள்ளைச் சட்டைக் காலரில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. கேட்டதற்கு ஊசி குத்திவிட்டது என்றாள் அக்கா. ஊசி குத்தினால் விரல் நுனியில் அல்லவா குத்தும், அண்ணிக்கு மட்டும் எப்படி விரல் முட்டியில் குத்தியது, அதுவும் ரெண்டு கையிலும் என்று புருஷனிடம் கேட்டாள். அவன் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தான். அப்புறம் தன்னையறியாமல் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான்.

"அதை உள்ள வை" என்றாள் அக்கா. "நான் ஒண்ணு கேக்கறேன். சட்டை தைக்க வர்றவங்களைச் சட்டையை மட்டும் குடுத்துட்டுப் போகச் சொல்றேனா? நிக்க வெச்சு, கையைத் தூக்கச் சொல்லித்தானே அளக்கறேன்? உடம்பு எவ்வளவோ அவ்வளவே தைச்சா மூச்சு விட முடியுமாடா?"

அவன் டேப்பைப் பைக்குள் போட்டான்.

"நாற்காலியை அளந்தே. என் கையை அளக்கலை."

அவள் கட்டிலுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். அவன் அதில் உட்கார்ந்து, பூங்கா வாசல் வரைக்கும் தெரு முழுக்கத் தானே உருட்டிக்கொண்டு போனான். பட்டறைக்காரர்கள் பார்த்தார்களாம், மில்லிமீட்டருக்கு என்ன ஆச்சு என்றார்களாம். அரைமணி கழித்து வந்தபோது அவன் வலது கை விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. மனைவி மஞ்சள் எடுக்கப் போனாள். போகிற போக்கில், வெட்டின பிறகு நாலாவது தடவை அளந்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இடைவெளியை அகலப்படுத்தினால் முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. எண்பது விட்டால் மோட்டார் சைக்கிளும் வந்துவிடும், போன மாதம்தான் ஒரு வண்டி குழந்தைகள் விளையாடுகிற இடம் வரைக்கும் போனது, காவலாளி இருக்கிறாரே, உன் அக்காவை அவர் தள்ளிவிட மாட்டாரா என்றார். சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

அக்கா ஒரு பாவாடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே, மோட்டார் சைக்கிளில் அகலமான இடம் எது என்று கேட்டாள். ஹேண்டில் என்றான். அது தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஒரு மீட்டர் இருக்கும்.

"என் கை எந்த உயரத்துல இருக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கத்திரியை வைத்துவிட்டுச் சக்கர வளையத்தின் மேல் கையை வைத்திருந்தாள், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே.

"மேல பிடிச்சுக்கட்டும்டா. கீழ விரிச்சு விடு" என்று வெட்டின துணியைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் ஒடுங்கி, கீழே விரிந்த துணி.

மேற்பார்வையாளர் அரைமனசாகத்தான் சம்மதித்தார். வண்டி உள்ளே வந்தால் உன்னைத்தான் கேட்பேன் என்றார். தம்பி பழைய கம்பங்களை அறுத்தெடுத்துவிட்டு வளைத்த குழாய்களைப் பொருத்தினான். கீழே தொண்ணூறு சென்டிமீட்டர், ஒரு மீட்டர் உயரத்தில் அறுபத்தெட்டு. மேற்பார்வையாளர் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து முட்டிப் பார்த்தார். ஹேண்டில் இடித்து நின்றது. இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், போகவில்லை. உன் அக்கா இஞ்சினியருக்குப் படித்தவங்களா என்று கேட்டார். பாவாடை தைக்கறவங்க என்றான் தம்பி.

இந்தத் தடவை அவன் டேப்பை எடுக்கவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, அவளையே உருட்டிப் பார்க்கச் சொன்னான். காவலாளியும் வந்து பக்கத்தில் நின்றார்.

அவள் வளையத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். கை முழுசாகச் சுற்றி வந்தது. இன்னொரு தள்ளில் உள்ளே இருந்தாள். அங்கே பாதை லேசாக மேடேறுகிறது. நாற்காலி ஒரு கணம் தயங்கியது. தம்பி பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"கையை மடியில வை" என்றாள் அவள், திரும்பாமலே.

"நிக்கறவனுக்கு ஏதுக்கா மடி?"

"அப்ப பையில வை."

அவன் பையில் விட்டுக்கொண்டான். அவள் மூச்சு வாங்க மேட்டை ஏறி, குளத்தோரம் போய், ஒரு மரத்துக்கு எதிரே நிறுத்தினாள். ஐந்து நிமிஷமாயிற்று. பத்து நிமிஷமாயிற்று. பட்டறையில் வேலை கிடந்தது. தம்பிக்குத் தொண்டை வரைக்கும் "போலாமா?" என்ற அந்த ஒரு வார்த்தை வந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. காவலாளியிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினான்.