மாப்பிள்ளை காட்டிய இடம்

சவப்பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவரும் அதையேதான் கேட்டார். "பாம்பு கடிச்சிடுச்சுங்களா?"

"இல்லைங்க, நெஞ்சுவலி," என்றார் அத்தான். சதுப்பு நிலத்தில் இத்தனை வருஷம் மலைப்பாம்பு பிடித்த அக்கா, சமையலறையில் டம்ளர் கழுவும்போது விழுந்து செத்தாள் என்றால் யாரும் நம்பத் தயாராக இல்லை.

தம்பி அக்காவின் கால்மாட்டில் நின்றிருந்தான். மனசு மட்டும் கோரைப்புதரில் இருந்தது. விடியற்காலையில் ஏரியலைத் தூக்கிப் பார்த்தபோது, மாப்பிள்ளை நேற்று இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

மாப்பிள்ளை என்பது அக்கா வைத்த பெயர். உடம்புக்குள் சின்ன ரேடியோ வைத்துத் தைத்த ஆண் மலைப்பாம்பு. எங்கே இருக்கிறது என்று ஏரியல் காட்டிக்கொடுத்துவிடும். ஜோடி சேரும் காலத்தில் அதை விட்டால், மோப்பம் பிடித்து நேராகப் பெண் வீட்டுக்குப் போய்விடும். பின்னாலேயே போய்ப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை அடுத்த சம்பந்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே இருப்பதெல்லாம் யாரோ ஆசைக்கு வளர்த்து, சலித்துப்போய்க் கொண்டுவந்து விட்ட பாம்புகளின் வம்சம். முயல், நாரைக்குஞ்சு எதையும் மிச்சம் வைக்கவில்லை. அக்கா இறங்கித் தேடிய பக்கத்தில் மட்டும்தான் நாரைகள் மறுபடி கூடு கட்டின.

மாப்பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பெண் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்குப் போனால் அவள் இருக்கமாட்டாள். எங்கேயோ போய்க் கூடை கூடையாக முட்டையிடுவாள். அக்கா கிடக்கும்போது இதை நினைக்க அவனுக்கே கேவலமாக இருந்தது.

அத்தான் பக்கத்தில் வந்தார். "என்னடா, முழியே சரியில்லையே? மாப்பிள்ளை உக்காந்துட்டாரா?"

தலையாட்டினான்.

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "சாயங்காலம்தான் எடுக்கறோம். போயிட்டு வந்துடு."

"நாலு பேரு என்ன பேசுவாங்க அத்தான்?"

"கல்யாணத்தன்னைக்கே சேத்துக் காலோட வந்து நின்னவடா அவ. அப்ப பேசாத பேச்சா?"

எப்போதும் தலையைப் பிடிப்பது அக்கா, வாலைப் பிடிப்பது இவன். இன்று இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்றான். கோரையை விலக்கியதும் இரண்டும் பின்னிக் கிடந்தன. பெண் அவன் தொடையைவிடப் பருமன். பயந்து ஒரு அடி பின்னால் வைத்தான். இந்தப் பயத்துக்குள் அக்கா எத்தனை முறை சிரித்துக்கொண்டே கையை விட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கையை உள்ளே விட்டுப் பெண்ணின் தலையைப் பிடித்தான். அது தோள்வரை சுற்றி இறுக்கியது. விரல்கள் மரத்துப்போயும் பிடியை விடவில்லை. சாக்கின் வாயைக் கட்டி முடித்தபோது, மாப்பிள்ளை மெதுவாகக் கோரைக்குள் நழுவிப் போனார்.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. சேறு சொட்ட அவன் உள்ளே நுழைந்ததும் யாரோ முகம் சுளித்து விலகினார்கள். அத்தான் அவனை மட்டும் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். போதவில்லை என்று இன்னும் பின்னால் இழுத்துக் காட்டினான்.

அத்தான் குனிந்து அக்காவின் காதருகே, "பிடிச்சுட்டானாம். பெருசாம்," என்றார். பிறகுதான் மூடச் சொன்னார்.