அப்பாவும் மகனும் ஒரே நாளில் பிறந்த கணக்கு

ஓர் அப்பாவும் அவர் பெற்ற மகனும் ஒரே நாளில், ஒரே நொடியில் பிறந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது என்ன, பிறக்க வைத்ததே நான்தான். போன வாரம், கரும்பலகையில்.

என் மருமகளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸானால் மேற்பார்வையாளர்; இல்லையென்றால் கடைசிவரை ஈரப் போர்வைதான். மாலை வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் சொல்லித்தர, கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற நான் இருக்கிறேனே. நான் கூட்டினால் கால்குலேட்டர் எழுந்து நின்று கும்பிடும் என்பது என் மனைவி ஊரெல்லாம் பரப்பிய செய்தி. நானும் மறுத்ததில்லை.

மாதிரித் தேர்வில், நான் சொல்லித்தந்த வயதுக் கணக்குக்கு முட்டை விழுந்தது.

"உங்க மாமா சொன்னதுக்கு முட்டையா? அந்த டீச்சருக்குத்தான் தெரியல," என்றாள் மனைவி.

"வேணாம் அத்தை, அடுத்த வாரம் பரீட்சை," என்று மருமகள் கெஞ்சக் கெஞ்ச, மனைவி எங்கள் இருவரையும் வகுப்புக்கு இழுத்துப் போனாள்.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். "நீங்களே போட்டுக் காட்டுங்க சார்."

அப்பாவின் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டு மடங்கு. மகன் வயது x. கல்வெட்டு மாதிரி எழுதினேன்: 3x + 12 = 2(x + 12). அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற இரண்டால் x-ஐப் பெருக்கினேன். பக்கத்திலிருந்த பன்னிரண்டை அப்படியே விட்டுவிட்டேன். இரு பக்கமும் பன்னிரண்டு அடிபட்டுப்போய், x பூஜ்யமாகி நின்றது.

"மகனுக்கு என்ன வயசு சார்?"

"பூஜ்யம்."

"அப்பாவுக்கு?"

மூன்று மடங்கு பூஜ்யமும் பூஜ்யம்தான்.

"ரெண்டும் சுகப்பிரசவமா சார்?" என்றது கடைசி பெஞ்சு.

என் காதுகளில் ஏறிய சூட்டில் ஆஸ்பத்திரிப் போர்வை அத்தனையையும் இஸ்திரி போட்டிருக்கலாம். சிரித்தவர்களில் பாதிப்பேர் மருமகளோடு வேலை செய்கிறவர்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. சிரிப்பைவிட அதுதான் சுட்டது.

"நான்தான் தப்பா சொல்லிக்கொடுத்தேன். அவ மேல தப்பில்ல," என்றேன். என் குரல் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவளுக்குக் கேட்டது. எழுந்து வந்து அழித்தாள்.

"ரெண்டு உள்ள போனா எல்லாரையும் பாத்துட்டுத்தான் வரணும் மாமா. ஒருத்தரை மட்டும் விசாரிச்சா அடுத்தவருக்குக் கோவம் வராதா?"

2x + 24 என்று எழுதினாள். மகன் பன்னிரண்டு, அப்பா முப்பத்தாறு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. சாக்பீஸ் ஈரமாம். பலகை சாய்வாம். புத்தகத்திலேயே அச்சுப்பிழையாம். "அவருக்காவது கணக்கு தப்புறதாவது," என்று ஒரு வாரமாக அதே பாட்டு. கேட்கக் கேட்க நான் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிப்போனேன்.

இன்று காலை பரீட்சைக்குக் கிளம்பிய மருமகள் வாசலில் தயங்கி நின்றாள். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்காமல், அவள் பையைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"மாமா போட்டது தப்புதாம்மா. நானும்தான் பாத்தேன். நீ அன்னைக்குப் போட்ட மாதிரியே போடு."