நீடிலைத் தொடும் கை

எங்கள் ரேஸ் வண்டியின் நீடிலைத் தொடுகிற கை ஒரே கைதான். அது என் கை. இதை முதல் நாளே என் மச்சான் அன்பரசுவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். நீ ஓட்டு, நான் டியூன் பண்ணுகிறேன், நீ என் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்று. ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது. அன்பரசு என் மனைவி ரேகாவின் தம்பி. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். நான் வைத்திலிங்கம், நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வாசலில் டிராக்டர் வந்து நின்றதுமே, பானட்டைத் திறக்காமல், எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்வேன்.

பொம்மைக் கார் என்று சொல்கிறவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. ரிமோட்டில் ஓடுகிற வண்டிதான், முழங்கை நீளம்தான். ஆனால் அதற்குள் இருக்கிற எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும், நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெட்ரோல் ஆகாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள்தான் அதற்கு. தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது, எரிபொருளோடு வருகிற எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். எவ்வளவு எரிபொருள் உள்ளே போகலாம் என்று முடிவு செய்கிற சின்னத் திருகுதான் நீடில். அதிகம் திறந்தால் புகை கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும். அதிகம் மூடினால் நாலு சுற்று பேய் மாதிரி ஓடிவிட்டு, எண்ணெய் போதாமல் காய்ந்து செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் எழுத முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற அளவு திருப்புவதை நாங்கள் 'ஒரு மணி' என்போம். ஒரு மணி பிசகினால் ரேஸ் போச்சு.

இந்த வருஷம் புது எஞ்சின் வாங்கினோம். பெங்களூர்ப் பையன்கள் வைத்திருக்கிற மாதிரி வேகமானதுதான் வேண்டும் என்று அன்பரசு ஒற்றைக்காலில் நின்றான். நான் முடியாது என்றேன். நம் தடம் பொலபொலவென்ற மண், அதில் உச்ச வேகம் எதற்கு, வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிற எஞ்சின்தான் வேண்டும். நான் சொன்னதையே வாங்கினோம். எட்டு நாள் உட்கார்ந்து பழக்கினேன். புது எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது கவ்விப் பிடிக்கும். சூடேற்றாமல் முடுக்கினால் உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற ராடு உடைந்துவிடும். ரேகாவின் ஹேர் டிரையரை எடுத்துவந்து சூடேற்றி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி. தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று ரேகா சொன்னாள். உனக்கு உதிரி பாகம் கிடைக்காதே, அதனால் பயந்து தள்ளி நின்றேன் என்றேன். சிரித்தாள்.

ரேஸ் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில், மேடு தட்டிச் சமப்படுத்திய ஒரு காலி மனையில். புதுச்சேரி, சென்னை, கோயம்புத்தூர் என்று பதினாறு டீம். ஒன்றரை வருஷத்தில் நாலு கோப்பை வாங்கியிருந்தோம், எனக்குக் கொஞ்சம் திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மற்ற டீம்காரர்கள், அண்ணே, கொஞ்சம் சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்க என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். சமீபத்தில் யாரும் வருவதில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன்.

காலைத் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தோம். மதியம் நீடிலைச் சரிசெய்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அன்பரசு வண்டிமேல் குனிந்திருக்கிறான். கையில் என் ஸ்க்ரூடிரைவர்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று கத்தினேன். கொஞ்சம் லீனாக இருந்தது, அதான் ரெண்டு மணி திறந்தேன் என்றான். லீன் என்றால் எரிபொருள் குறைவு. எனக்குத் தெரியாத லீன் அவனுக்குத் தெரிந்துவிட்டதாம்.

"ரத்தம் எடுக்கிறவன் ரத்தத்த எடு. எஞ்சினுக்கும் உனக்கும் என்னாடா சம்பந்தம்?" என்றேன். பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் புதுச்சேரி மெக்கானிக் கலைமணி டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவேயில்லை.

அன்பரசு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"சரி மாமா. இனிமே தொடல."

அவன் திறந்த இரண்டு மணியையும் நான் மூடினேன். மூடுவதற்கு முன்னால் ஒருதரம், மூடின பிறகு ஒருதரம் எஞ்சினை ஓட்டிக் கேட்டேன். இரண்டு தரமும் சத்தம் ஒன்றுபோலத்தான் இருந்தது. கோபத்தில் இருந்தேன், அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இறுதிப் போட்டி அரை மணி நேரம். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உயரமான மேடையில் வரிசையாக நிற்பார்கள். நாங்கள் கீழே, வண்டி எரிபொருளுக்கு வந்து நிற்கிற பிட்டில் இருப்போம். ஐந்தாவது சுற்றிலேயே எங்கள் வண்டி முன்னால் போய்விட்டது. வளைவிலிருந்து கிளம்புகிற வேகத்தைப் பார்த்து எனக்கு மார்பு விரிந்தது. பார்த்தாயாடா, யார் வைத்த டியூன் என்று மனதுக்குள் அன்பரசுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கலைமணி என் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. அங்கே ஒரே இரைச்சல், நான் ம் என்று தலையாட்டினேன். அவர் மறுபடி சொல்லிவிட்டு, எங்கள் வண்டியின் பின்னால் கையைக் காட்டினார். பார்த்தேன். புகையே இல்லை. மற்ற வண்டிகள் எல்லாம் மெல்லிசாக நீலப் புகை விட்டுக்கொண்டு ஓட, எங்களுடையது மட்டும் சுத்தமாக ஓடியது.

ஏழாவது நிமிஷம் எரிபொருளுக்கு வந்தது. ஊற்றிக்கொண்டே, சூட்டை அளக்கிற டெம்பரேச்சர் கன்னை எஞ்சின் தலையில் காட்டினேன். நூற்று முப்பத்தொன்பது டிகிரி. நூற்றுப் பதினைந்தைத் தாண்டவே கூடாது. கன்னில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டேன்.

நேர்ப்பாதையில் வண்டி எங்களைக் கடந்தபோது பிட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவன் பல்லைக் கடித்தான். அவர்களுக்கு ஏதோ கேட்கிறது. நான் கண்ணை மூடிக் கேட்டேன். எனக்குக் கேட்டது மதியம் கேட்ட அதே சத்தம். அன்பரசு திறந்து வைத்தபோது கேட்டதும் அதுதான், நான் மூடின பிறகு கேட்டதும் அதுதான். இரண்டு மணி வித்தியாசம் எப்படி ஒரே சத்தமாக இருக்கும்?

மேடையை நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுகிறவன் வண்டியை விட்டு ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க மாட்டான். அன்பரசு என்னைப் பார்த்தான், உடனே வண்டிக்குத் திரும்பினான், மறுபடி என்னைப் பார்த்தான். தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டான் அல்லவா, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் கேட்டால்தான் சொல்வான். கேட்காமல் விட்டால் இன்னும் நாலைந்து நிமிஷத்தில் எஞ்சின் போய்விடும். போனால் எஞ்சின் சரியில்லை, ராசியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சத்தியமாக அப்படியும் ஒரு நினைப்பு எனக்கு வந்தது. எட்டு நாள் மடியில் வைத்துப் பழக்கின எஞ்சினைக் கொன்றுவிட்டு என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

கையைத் தூக்கி வண்டியை உள்ளே கூப்பிட்டேன். வந்து நின்றது. மேடைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து சொன்னேன்.

"மச்சான், எனக்குக் கேக்கல. எவ்ளோ தொறக்கணும்?"

எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்பரசு ஒரு கையை ரிமோட்டிலிருந்து எடுத்து, நன்றாகத் தெரிகிற மாதிரி மூன்று விரலைக் காட்டினான். மூன்று மணி திறந்தேன். வண்டி புகையோடு வெளியே போனது. ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டு, மூன்றாவதாக வந்து முடித்தோம். எஞ்சின் பிழைத்தது.

கூடாரத்தில் உட்கார்ந்து டேங்க்கைக் காலி செய்துகொண்டிருந்தேன். அன்பரசு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான், என் முகத்தைப் பார்த்தபடி. கொஞ்ச நாளாகவே அவன் என்னிடம் பேசும்போது நேர் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எத்தனை நாளாக இப்படி என் நீடிலைத் திருப்புகிறாய் என்று கேட்டேன். ஒன்றரை வருஷம் என்றான். அப்படியானால் அந்த நாலு கோப்பையும் அவன் டியூனில் வந்தவை. டிராக்டர் சத்தம் கனமானது, அது உங்களுக்குக் கேட்கும், மெல்லிசான சத்தம்தான் போய்விட்டது, வருஷக்கணக்காகக் காதில் ஒன்றும் வைக்காமல் இந்த எஞ்சின் பக்கத்திலேயே குனிந்திருந்தால் வேறென்ன ஆகும் என்றான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு நினைவு வந்தவன் மாதிரி நிமிர்ந்து, என் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"அக்கா சொல்லப் பாத்துச்சு மாமா. கடலூர்ல காது டாக்டர்ட்ட டோக்கன்கூட போட்டு வச்சிருந்துச்சு. அன்னைக்கி நீங்க பேசின பேச்சுக்கு அப்புறம், இனிமே அவர்கிட்ட யாரும் இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. எனக்குக் காது போகவில்லை, உனக்குத்தான் வாய் ஜாஸ்தி என்று ரேகாவிடம் சொன்னேன். அந்தச் சீட்டைக் கிழித்து அவள் முன்னாலேயே போட்டேன். நாலு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அவளே வந்து கூப்பிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. கை எண்ணெயைத் துடைத்துவிட்டு ரேகாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். எத்தனையாவது இடம் என்று கேட்டிருப்பாள்.

"ரேகா, எனக்குக் காது சரியில்ல. நீ சொன்னது நெசம். அன்னைக்கி நான் பேசினது தப்பு. திங்கக்கிழம டாக்டர்ட்ட போலாம், டோக்கன் போடு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. போனைக் காதோடு அழுத்தினேன். மற்றக் காதுக்கு மாற்றினேன். லைன் அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தால் நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாளா, இல்லை பேசிக்கொண்டிருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. போனை அன்பரசுவிடம் நீட்டினேன். ஏதாவது சொல்கிறாளா பார் என்றேன்.

அவன் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டான். என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அழுவுது மாமா. நிறுத்தாம அழுவுது."

நான் போனை வாங்கி மறுபடி காதில் வைத்துக்கொண்டேன்.