கம்பியைக் கழற்றிய கை

விடியும் முன்பே வச்சிரப் பசை கொதித்துவிட வேண்டும். அந்தப் பசையின் நாற்றமும், பக்கத்துத் தோல் ஆலையின் நாற்றமும், பசேயிக் ஆற்றின் பனியும் ஒன்றாகி நெவார்க் நகரில் எங்கள் தெருவை மூடிக் கிடக்கும். சூடு ஆறுமுன் மரப்பெட்டியின்மேல் கித்தானை இழுத்து ஒட்டுவோம். சுருக்கம் விழுந்தால் கூலியில் பிடித்தம். உள்கூடத்தில் அழுத்து யந்திரங்கள் இரும்புத் தகட்டைப் பெட்டி மூலைகளாக மடித்துத் துப்பும். அந்த அடி ஒவ்வொன்றும் எங்கள் பாதத்துக்குள் ஏறும்.

முதலாளி வெந்தெலின் எங்களுக்கு முன்பே வந்துவிடுவார். செக் ஆட்களின் ஊரான பொஹீமியாவில் குதிரைச் சேணம் தைத்தவர். சிநேகிதன் ஓத்மாரோடு ஒரே கப்பலில், அடித்தட்டில் படுத்து வந்தவர். இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்த குதிரை லாயத்தில்தான் முதல் டிரங்குப் பெட்டி பிறந்தது. மாடியிலிருந்து தள்ளினாலும் பூட்டு திறக்காத பெட்டி. பெயர் பரவியது. லாயம் பட்டறையாகி, பட்டறை ஆலையானது. பெட்டியின் நெற்றியில் பித்தளையில் வெந்தெலின் பெயர் மட்டும் ஏறியது. ஓத்மார் எங்களைப் போலக் கூலியாளாக அழுத்து யந்திரத்தின் முன்னால் நின்றான். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை.

அப்புறம் விட்கோம் வந்தான். பணம் போட்ட பங்காளி. பெரிய கடைகளின் ஆர்டரும் அவனோடு வந்தது. பெட்டிக்கு இவ்வளவு என்றிருந்த கூலி குறைந்தது. யந்திரத்தின் வேகம் கூடியது. கை உள்ளே போகாமல் மறிக்கும் தடுப்புக் கம்பி வேலையைத் தாமதமாக்குகிறது என்றான். கழற்றச் சொன்னால் யாரும் கழற்றமாட்டார்கள் என்று வெந்தெலினுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே ஸ்பானரை எடுத்துக் கழற்றினார். நாங்கள் ரொட்டியை மென்றுகொண்டு பார்த்திருந்தோம்.

அந்த வாரமே யந்திரம் ஓத்மாரின் வலதுகையைப் பிடித்தது. யந்திரத்தை ஓட்டும் வார்ப்பட்டையை இழுத்து நிறுத்துவதற்குள் மூன்று விரல் போய்விட்டது. வெந்தெலின் ஓடிவந்து தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார். அவர் வாயிலிருந்து அவர்கள் ஊர்ப் பேச்சு மட்டும் வந்தது.

மறுநாள் விட்கோம் கூடத்தின் நடுவில் நின்று சொன்னான்: "அரசாங்க இன்ஸ்பெக்டர் வாறாரு. ஓத்மார் குடிச்சிருந்தான். கம்பிய அவனே கழட்டினான். எல்லாரும் இதத்தான் சொல்லணும்."

நாங்கள் வெந்தெலினைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் ஓத்மாரின் வீட்டுக்குப் போனார். ஓத்மாரின் மனைவி ஹெத்விகாதான் இதை எங்களுக்குச் சொன்னாள். அவள் மூத்த பெண்ணை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன் அவர்தான். ஓத்மாருக்குச் சமைத்துக் கொடுக்க ஒரு வாத்தோடு வாசலில் நின்றாராம்.

"ஞானத்தகப்பனா வந்தீங்களா, மொதலாளியா வந்தீங்களா?"

"ஹெத்விகா, உள்ள வரட்டுமா?"

"அவன் குடிச்சிருந்தான்னு சொன்னீங்களாமே. அவன் குடிச்சு நீங்க எப்பப் பாத்தீங்க?"

"நான் சொல்லல. விட்கோம்..."

"ஆடுனது யாரோட தலை?"

உள்ளேயிருந்து ஓத்மார் கூப்பிட்டான்: "விடுடி, உள்ள வரட்டும். வெந்தா, வா. கட்டு நல்லாத்தான் போட்டிருந்த. டாக்டரே சொன்னாரு." அதைக் கேட்டதும் வெந்தெலின் வாத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஓத்மார் வைதிருந்தால் அவர் உள்ளே வந்திருப்பார் என்றாள் ஹெத்விகா.

நாங்களும் யோக்கியர்களாக நிமிர்ந்து நிற்கவில்லை. அவர் கம்பியைக் கழற்றியபோது வாய் நிறைய ரொட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள்தானே! தேவாலயத்தின் பின்கட்டில் கூடினோம். செக் ஆட்கள் ஒரு மூலை, இத்தாலியர் ஒரு மூலை, போலந்துக்காரர் ஒரு மூலை. ஒரு மூலைக்காரர் தம் பாஷையில் பேசியது மற்ற மூலைகளுக்கு விளங்கவில்லை. பெட்டிக்கு உள்துணி ஒட்டும் கார்மேலா பெஞ்சின்மேல் ஏறித் தன் வலதுகையின் மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். எல்லாருக்கும் விளங்கியது.

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் நீராவி ஏறியது, வார்ப்பட்டைகள் ஓடின. யந்திரத்துக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எல்லாரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தோம்.

"எந்திரிங்க!" என்று விட்கோம் கத்தினான். "இல்லேன்னா இன்னிக்கே வேற ஆளுங்க இங்க நிப்பாங்க!"

"வரட்டும். கம்பி எங்கேன்னு அவங்களும் கேப்பாங்க" என்றாள் கார்மேலா.

"வெந்தெலின், ஐயாகிட்ட நடந்ததச் சொல்லுங்க" என்று விட்கோம் இன்ஸ்பெக்டரைக் காட்டினான்.

வெந்தெலின் முன்னால் வந்தார். முகம் பசை காய்ந்த கித்தான் போல இறுகியிருந்தது. "கம்பியக் கழட்டினது நான். ஓத்மார் குடிக்கல. இந்தக் கையாலதான் கழட்டினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார், பிறகு அதை எழுதிக்கொண்டார். விட்கோம் வெந்தெலினின் காதருகே போய், "உன் ஆலைக்குப் பூட்டு நான் போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போலீசைக் கூப்பிடப் போனான்.

வெந்தெலின் எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சொல்லிட்டேன். இப்ப மனசு ஆறிச்சா? வேலையப் பாருங்கப்பா."

யாரும் அசையவில்லை. பாவமாகத்தான் இருந்தது. பெட்டிகள்மேல் இருந்த பலரை வேலைக்கு எடுத்தவர் அவர். சிலர் கல்யாணத்தில் ஆடியவர்.

கார்மேலா இறங்கி வந்தாள். "உண்மையச் சொன்னீங்க மொதலாளி, நல்லது. ஆனா உங்க பாரத்த எங்க தோள்ல எறக்கி வச்சிட்டுப் போகப் பாக்காதீங்க. எல்லா மெஷினுக்கும் கம்பி வரணும். வெட்டுன கூலி திரும்பணும். ஓத்மாருக்கு உக்காந்து செய்யற வேலை வேணும்."

"விட்கோம் பணத்த எடுத்துட்டா ஆலையே இருக்காதும்மா."

"கம்பி இல்லேன்னா எங்களுக்குக் கையே இருக்காது."

அவர் கொதிகலன் அறைக்குப் போய் நீராவியை அடைத்தார். வார்ப்பட்டைகள் தளர்ந்து, யந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அது எங்களுக்காகவா, அவருக்காகவா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம். மழை தூறியது. மூலையில் போலீஸ் குதிரைகள் நின்றன. ஓத்மார் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்து வந்தான். பின்னால் ஹெத்விகா, முட்டைக்கோஸ் சூப்பு அண்டாவோடு. தோல் ஆலையில் வேலை முடியும் சங்கு ஊதுமுன்பே கதவு திறந்தது. சாயம் ஏறிய கைகளோடு அந்த ஆட்கள் தயங்கித் தயங்கி எங்கள் பக்கம் வந்தார்கள்.

ஆலை வாசலில் வெந்தெலின் தனியாக நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவுமில்லை.

"எத்தன நாள் நிப்பீங்க?" என்று ஒரு தோல் ஆலைக்காரன் கேட்டான்.

"தெரியாது" என்றாள் கார்மேலா. பிறகு எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, இன்னும் ஆள் வருது!"